இளவேனிலும் பனங்குருத்தும்

இளவேனில் என்றவுடன் மாந்தளிரும் குயிலோசையும் தென்றலும் நினைவுக்கு வருதல் தமிழ் பயின்றோர்க்கு இயல்பு. சித்திரையும் வைகாசியும் இளவேனிற் பருவம் எனப் பழந்தமிழர் வகுத்தனர். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்பருவம் மலர்களால் மட்டும் அறியப்படுவதன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத அந்நிலத்தில், பங்குனி முடியுமுன்னே கிணற்று நீர் கீழிறங்கும், புல் கருகும், வெண்மணல் சுடும். அவ்வேளையிற் கொடையில் முன்னிற்பது பனை. வெயில் பகையன்று, அதுவே அங்குப் பெண்களின் அடுக்களைக்கும் கைத்தொழிலுக்கும் துணை.

ஆடி ஆவணியில் உதிர்ந்த பனம்பழத்தின் விதைகளை மண்ணிற் பாத்தியாக அடுக்கி மூடுவர். மாரி மழை அவற்றை முளைக்கச் செய்யும். மார்கழி தையிற் கிழங்கு கிண்டுவர். பச்சையாகக் கிழித்து உலர்த்தியது ஒடியல். அவித்து உலர்த்தியது புழுக்கொடியல். மாசி பங்குனி வெயில் இவ்விரண்டையும் கல்லென இறுக்கிவிடும். அதே நாள்களிற் பாளை சீவும் தொழிலும் மும்முரமாக நடைபெறும். சித்திரைப் புத்தாண்டு பிறக்கையில், வீட்டில் ஒடியலும் புழுக்கொடியலும் புதுப் பனங்கட்டியும் ஒருங்கே நிறைந்திருத்தல் அன்றைய செல்வம்.

இவ்வளவையும் எதில் இட்டு வைப்பது? விடையும் அம்மரத்திலேயே இருந்தது. விரியாத குருத்தை வெட்டி, வெயிலில் வெளுக்கக் காயவைத்தால் சார்வோலை கிடைக்கும். ஈர்க்கை நீக்கி, ஓலையை வேண்டிய அகலத்துக்கு வார்ந்து, சிறிது நீர் தெளித்துப் பதமாக்கிய பின்னரே இழைக்கத் தொடங்குவர். பதம் தவறின் ஓலை முறியும். இவ்வாறு பிறந்தவை பெட்டி, கடகம், சுளகு, பாய், தடுக்கு, விசிறி, உமல் என விரியும். பாரம் சுமக்கும் கடகத்துக்கு மட்டையிலிருந்து உரித்த நாராற் புறத்தே மற்றொரு பின்னலும் வேண்டும். இவற்றுள் நுட்பம் மிக்கது கொட்டைப்பெட்டி. பாக்கும் வெற்றிலையும் சில்லறைக் காசும் வைத்து மடியிற் செருகத்தக்க அச்சிறு பெட்டியில் மெல்லிய ஓலைக் கீற்றுகள் நெருங்கி ஓடும். சிவப்பும் பச்சையும் ஊதாவும் வெள்ளோலையினூடே கட்டம் கட்டமாக மாறி வரும் அழகு, பட்டு நெய்வோரும் பாராட்டத்தக்கது.

இந்நிறங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலங்களில் அகழ்ந்தெடுத்த சாயவேர், ஒல்லாந்தர் காலத்தில் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. அதன் செந்நிறம் துணிக்குரியது. அவ்வேரின் வருவாயைக் கம்பனியார் கண்ணும் கருத்துமாகக் கணக்கிட்டனர். 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பேர்க்கின் என்னும் இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தபின், வேர்ச்சாயத்தின் மதிப்பு வீழ்ந்தது. தூளாக வந்த மலிவான புதுச்சாயம் நாளடைவிற் கீழைநாடுகளின் கடைத்தெருக்களை நிறைத்தது. அரசர்க்கும் வணிகர்க்கும் இலாபம் ஈட்டிய நிறம், ஒரு பிடி தூளாக ஏழை வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. அத்தூளைக் கொதிநீரிற் கரைத்து, சார்வோலையை அமிழ்த்தி வேகவைத்து, நிழலில் உலர்த்தினாற் போதும்.

சமையலும் இவ்வாறே எளியது. நீத்துப்பெட்டி என்பது கூம்பு வடிவான ஓலைப்பெட்டி. அதனைப் பானை வாயிற் பொருத்தினால் ஆவி அதனூடே ஏறும். ஒடியல் மாவிற் கைப்பு உண்டு. ஆதலின் அதனை நீரில் ஊறவிட்டுப் பிழிந்தெடுத்துத் தேங்காய்ப்பூவும் கீரையும், விரும்பினால் இறாலும் சேர்த்து அப்பெட்டியில் அவிப்பர். அதுவே ஒடியற்பிட்டு. புழுக்கொடியலுக்கு அடுப்பும் வேண்டியதில்லை. தேங்காய்ச் சொட்டுடன் கடித்துத் தின்னலாம். பல்லில்லாத முதியோர்க்கு இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் கூட்டிப் பிசைந்து கொடுக்கலாம்.

பனங்கட்டியின் கதை இன்னும் சுவையானது. முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசிப் பாளையிற் கட்டினால், இறங்கும் நீர் புளிக்காது கருப்பநீராக நிற்கும். அதனைக் காய்ச்சிப் பாகு பதத்தில் ஊற்றுவதற்கென்றே விரலளவு ஓலைக் கூடைகள் இழைக்கப்பட்டன. அவையே குட்டான். பாகு அதனுள் இறுகி, கொள்கலத்தின் வடிவையே தன் வடிவாகக் கொள்ளும். பண்டமும் பெட்டியும் ஒரே மரத்தின் மக்கள். காய்ச்சாத கருப்பநீரைப் பிளாவில் வார்த்து, அப்பருவத்து மாங்காயைச் சீவிப் போட்டுக் குடிக்கும் இன்பத்தை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டா.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. பனையேறும் தொழிலாளி காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து இறக்கிய இனிய நீரை விரும்பிய சமூகம், அவரைத் தன் படலைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் வரவிடவில்லை. சித்திரை வெயிலில் எல்லோர்க்கும் இனித்த அதே பிளா, சில வீடுகளில், மனிதர் சிலர்க்குச் செம்பும் கிண்ணமும் மறுக்கப்பட்டதன் அடையாளமாகவும் விளங்கிற்று. சாதியின் பெயராற் பொதுவிடங்களில் ஒருவரை விலக்குதலைப் பாராளுமன்றம் 1957இற் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாயில்களிலும் போராட்டங்கள் நிகழவேண்டியிருந்தன. பனையின் பெருமை பேசுவோர் பலர் இப்பகுதியைக் கடந்து போய்விடுகின்றனர்.

எழுதி வைத்தோரும் தம் கண்ணுக்குப் பட்டவற்றையே எழுதினர். ஒல்லாந்தர் பனைமரச் சலாகைகளின் ஏற்றுமதியிற் கருத்தூன்றினர். 1850இல் வில்லியம் பேர்குசன் பனையைப் பற்றித் தனிநூலே எழுதிக் கொழும்பில் வெளியிட்டார். 1859இல் எமர்சன் தெனன்றும் இலங்கை பற்றிய தம் பெருநூலில் யாழ்ப்பாணத்துப் பனையை வியந்தார். தாலவிலாசம் என்னும் தமிழ்ப் பாடல் பனையின் பயன்களை 801 எனக் கூறுவதாக அந்நூற்றாண்டின் ஆங்கில நூல்கள் எடுத்துரைத்தன. பின்னாளில் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரும் அதே பெயரில் ஒரு நூல் பாடினார். பயன்கள் எண்ணப்பட்டன, பெட்டி இழைத்தவளின் கை எண்ணப்படவில்லை. பனையோலையில் எழுதிய ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையின் புகழ் என்றும் வாழும், வாழவும் வேண்டும். எழுத்தைத் தாங்கிய ஓலை நூலகத்துக்குச் சென்றது. அரிசியைத் தாங்கிய ஓலை இற்றுப்போனதும் அடுப்புக்குச் சென்றது. ஆதலின் பழங்காலத்துக் கொட்டைப்பெட்டியைக் கண்ணாற் காண்டல் அரிது.

1905இல் இருப்புப்பாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்தது. தகரமும் எனாமலும், பின்னர் பிளாஸ்டிக்கும் வடக்கே வந்தன. ஓலைப்பெட்டி வறுமையின் சின்னமாகக் கருதப்படலாயிற்று. ஒடியற்பிட்டு விருந்தினர்க்குப் படைக்கத் தகாத உணவாயிற்று. எனினும் 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிற் கொழும்புக்குப் புறப்பட்ட உத்தியோகத்தர் பலரின் கையில், ஊரிலிருந்து தாயார் கட்டிக் கொடுத்த புழுக்கொடியலும் பனங்கட்டிக் குட்டானும் இருந்தன.

பஞ்சம் வரும்போதெல்லாம் ஏளனம் அடங்கிற்று. 1942இற் பர்மா யப்பானியர் கைப்பட்டு அரிசி வரவு நின்றபோதும், 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மாவும் சீனியும் தட்டுப்பட்டபோதும், 1990களில் போர்க்காலத் தடைகளால் வடக்குத் துண்டிக்கப்பட்டபோதும் குடாநாடு பனையை நாடியது. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்த தலைமுறை அது. ஆனால் அப்போரே காவலரண்களுக்காக எண்ணற்ற பனைகளை வீழ்த்தியது. எறிகணைகளும் பல மரங்களின் தலையைக் கொய்தன. பனை பயன்தரப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும் என்பதை எண்ணினால் அவ்விழப்பின் அளவு விளங்கும்.

1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை ஓலை வேலைக்குப் பயிற்சியும் விற்பனையும் அளிக்க முற்பட்டது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அதிலே வந்திறங்கும் தென்னிலங்கைப் பயணிகளும், விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்தோரும் வண்ண ஓலைப்பெட்டிகளை இப்போது விரும்பி வாங்குகின்றனர். யாழ்ப்பாணச் சந்தையில் இன்றும் பனங்கட்டி குட்டானோடு விற்பனையாகிறது. வாங்குவோர் கட்டியை எண்ணி விலை பேசுவர். குட்டானுக்கெனத் தனிவிலை கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை. உள்ளிருக்கும் கட்டி தீர்ந்தபின் அது குப்பைக்குப் போகிறது. அடுத்த இளவேனிலுக்கு வேறொன்றை ஒருத்தி இழைக்கிறாள்.