விஷ வண்டும் பூச்சி மருந்தும்

பண்ருட்டி என்றதும் பலாப்பழம் நினைவுக்கு வரும். நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரி. இரண்டுக்கும் நடுவே, சாலையோரத்தில் இருக்கிறது காடாம்புலியூர். அதற்கென்று தனியாக ஒரு பிராபல்யம் கிடையாது. அதைப் பற்றி அந்த ஊர் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. செம்மண் பூமி. கண்ணுக்கு எட்டிய மட்டும் முந்திரித் தோப்பு. முந்திரி மரம், தென்னை போலவோ பனை போலவோ ஆகாயத்தைப் பார்த்து வளர்கிற மரமல்ல. விரித்த குடை மாதிரி, கிளை தரையைத் தொடும்படி படர்ந்துவிடும். கோடையில் கொட்டை பொறுக்கப் போகிற பெண்பிள்ளைகள் அந்தக் குடைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். அப்படி நுழைகிறவர்களின் தலைக்கு மேலே, இலை மறைவில் ஒரு கூடு தொங்கினால் என்ன ஆகும் என்பதைத் தோப்புக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அந்தக் கூட்டின் சொந்தக்காரருக்குக் கதண்டு என்று பெயர். தென்னார்க்காட்டிலும் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் கதண்டு. தெற்குச் சீமைக்குப் போனால் கடந்தை. பத்திரிகைகளில் மட்டும் அது ‘விஷ வண்டு’ ஆகிவிடுகிறது. உண்மையில் அது வண்டே அல்ல, குளவி ஜாதி. ஆனால் நம் வீட்டுச் சுவரில் மண்ணால் கூடு கட்டுகிற குளவி வேறு. புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்று பெரியவர்கள் சொன்னது அதைப் பற்றித்தான். அது கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று பாட்டிமார்கள் யாரையும் கலைக்க விடமாட்டார்கள். பாட்டிமார்கள் சொல்வதில் பாதி சரி. அந்தக் குளவி தனிக் குடித்தனக்காரி. படை திரட்டிக்கொண்டு யார்மீதும் பாய்வதில்லை.

கதண்டு கூட்டுக் குடும்பம். ஒரு ராணி தனியாக ஆரம்பித்து வைப்பாள். மரப்பட்டையையும் உளுத்த கட்டையையும் கடித்து மென்று, எச்சிலில் குழைத்து, காகிதம் செய்வாள். கூடு முழுவதும் காகிதந்தான். பிறந்த பெண்களெல்லாம் வேலைக்காரிகளாகி அடுக்கின்மேல் அடுக்காகக் கட்டிக்கொண்டே போவார்கள். கொட்டுகிறவை பெண்கள் மட்டுமே. தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. மனிதத் தோலில் ஒரு தடவை குத்தினால் கொடுக்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும், தேனீயும் செத்துப் போகும். கதண்டின் கொடுக்கு வழுவழுப்பானது. எத்தனை தடவை வேண்டுமானாலும் குத்தும். அத்துடன், குத்தும்போது ஒரு வாசனையை வேறு விடும். கூட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு அது அபாயச் சங்கு. கல்லெறிந்தவன் ஓடிப் போயிருப்பான். வழியில் வந்தவன் அகப்பட்டுக்கொள்வான்.

இப்போது ஒரு விஞ்ஞான சமாசாரம் சொல்ல வேண்டும். வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கதைக்கு அது அவசியம். நம் நரம்புகள் தசைகளுக்குக் கட்டளை அனுப்ப அசிடைல்கோலின் என்ற ஒரு பொருளைத் தூதனாக உபயோகிக்கின்றன. தூதன் சேதியைச் சொன்ன மறுகணமே அவனைத் தீர்த்துக்கட்ட இன்னொரு பொருள் காத்திருக்கும். இல்லாவிட்டால் ஒரே கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் அல்லவா? கதண்டும் அதன் உறவினர்களுமான பெருங்குளவிகளின் விஷத்தை ஆராய்ந்தவர்கள், அதில் இதே அசிடைல்கோலின் ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். கொட்டிய இடம் நெருப்பாய் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே தூதனை வைத்து மனிதனும் ஒரு விஷம் செய்தான். ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்று ஒரு ரசாயன நிபுணர். பூச்சிகளைக் கொல்லப் புதுப் பொருள் தேடிக்கொண்டிருந்தவர். 1936-இல் அவர் கையில் அகப்பட்டது, பூச்சியை மட்டுமல்ல, மனிதனையும் சில நிமிஷங்களில் கொல்லக்கூடியதாக இருந்தது. ராணுவம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. டாபூன் என்ற விஷவாயு அதுதான். ஷ்ராடர் தேடலை நிறுத்தவில்லை. 1944-இல் அதே குடும்பத்தில் பாரத்தியான் என்ற பூச்சிகொல்லியைக் கண்டுபிடித்தார். கதண்டு தூதனை ஊசியால் உள்ளே ஏற்றுகிறது. பாரத்தியானோ தூதனைத் தீர்த்துக்கட்டும் பொருளை முடக்கிவிடுகிறது. வாயில் நுரை தள்ளும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு முட்டும். குடிக்கத்தான் வேண்டுமென்பதில்லை, தோலில் பட்டாலும் உள்ளே இறங்கும்.

பாரத்தியான் நம் தேசத்துக்கு வந்தபோது அதன் வியாபாரப் பெயர் ஃபாலிடால். கிராமத்தார் வாயில் அது ‘பாலிடாயில்’ ஆயிற்று. பாலும் ‘ஆயில்’ என்கிற எண்ணெயும் சேர்ந்தாற்போன்ற பெயர்! தமிழில் இவ்வளவு சீக்கிரம் வேரூன்றிய அந்நிய வார்த்தை வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகம். பிற்பாடு வந்த எல்லாப் பூச்சிகொல்லிக்கும் அதுவே பொதுப் பெயராயிற்று. எத்தனையோ குடும்பங்களில் அந்தச் சொல்லைக் காதால் கேட்கவே இன்றும் பயப்படுவார்கள்.

இன்னொரு பெயரும் அதற்கு வைத்தோம்: மருந்து. பூச்சி மருந்து, மருந்து அடிப்பது, மருந்துக் கடை. யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. மரத்தில் தன்பாட்டுக்குத் தொங்குகிற பிராணிக்கு ‘விஷ வண்டு’ என்று பெயர் சூட்டினோம். சீசாவில் அடைத்த விஷத்தை ‘மருந்து’ என்றோம். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து என்று சொன்ன பிறகு, அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைப்பதற்கு யார் தயங்குவார்கள்?

1958-ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் நடந்தது அதுதான். ஆனால் அரிசிப் பானைக்குப் பதில் அங்கே கோதுமை மாவு மூட்டை. கேரளத்துக்கு வந்த உணவு மூட்டைகளும் ஃபாலிடாலும் ஒரே கப்பலில் பிரயாணம் செய்தன. மருந்து கசிந்து மூட்டைகளில் ஊறியது. மூட்டை கை மாறி, கடைக்கு வந்து, மாவு வீட்டுக்குப் போயிற்று. சாப்பிட்டவர்கள் வரிசையாக விழுந்தார்கள். என்ன வியாதி என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. 100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். கேரளத்தோடு நிற்கவில்லை, அன்றைய சென்னை ராஜ்யத்திலும் உயிர்கள் போயின.

மாண்டவர்கள் யாரும் பூச்சி மருந்து வாங்கியவர்கள் அல்ல. அடித்தவர்களும் அல்ல. அதன் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள் பெரும்பாலோர். சப்பாத்திக்கு மாவு வாங்கினார்கள், அவ்வளவுதான்.

சர்க்கார் விசாரணைக் கமிஷன் ஒன்று நியமித்தது. பம்பாய் ஹைக்கோர்ட் நீதிபதி ஜே. ஸி. ஷா அதன் தலைவர். பிற்காலத்தில் சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியாகவும், 1977-இல் நெருக்கடி நிலையை விசாரித்த ஷா கமிஷனின் தலைவராகவும் பெயர் பெற்றவர் அவரே. அந்தப் பெரிய கமிஷனை எல்லோரும் அறிவார்கள். மாவு மூட்டையை விசாரித்த இந்தச் சின்னக் கமிஷனை ஞாபகம் வைத்திருப்பவர் சிலரே. ஆனால் நம் ஒவ்வொருவர் வீட்டையும் தொட்டது இந்தச் சின்னக் கமிஷன்தான் என்பது என் அபிப்பிராயம். விஷத்தை உற்பத்தி செய்யவும் விற்கவும் கொண்டுபோகவும் சட்டம் வேண்டும் என்ற பேச்சு இங்கேதான் வலுப்பட்டது.

பேச்சு வலுப்பட்டதே தவிர, சட்டம் அவசரப்படவில்லை. ஒரு நிபுணர் குழு, அதற்குப் பிறகு ஒரு மசோதா. பூச்சிகொல்லிச் சட்டம் 1968-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் வந்து, சட்டம் நடைமுறைக்கு வந்தது 1971-இல். மாவு தின்று செத்தவர்களுக்குப் பதின்மூன்றாம் வருஷத் திவசம் வந்துவிட்டது. ஜே. ஸி. ஷா தலைமை நீதிபதிப் பதவியிலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தார்.

மருந்துக் கடைச் சீசாவை அடுத்த தடவை பார்க்கும்போது அதன் மேலுள்ள சதுரத்தைக் கவனியுங்கள். மூலையில் நிற்கிற மாதிரி திருப்பி வைத்த சதுரம். நடுவே கோடு போட்டு இரண்டு முக்கோணம். கீழ் முக்கோணத்தில் வர்ணம். சிவப்பானால் மகா கொடியது. மேலே மண்டை ஓடும் எலும்பும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்த படி. நீலம், பிறகு பச்சை. எழுத்து வாசனையில்லாதவனும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று 1971-ஆம் வருஷத்து விதிகள் செய்த ஏற்பாடு அது. சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வை என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்; நம்மவர்கள் பச்சை விளக்கைக் கண்டால் புறப்பட்டுவிடுகிற சுபாவமுடையவர்கள்.

காலிச் சீசாவுக்கும் அந்த விதிகளில் ஒரு வாசகம் உண்டு. மறுபடி யாரும் உபயோகிக்க முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தூரத்தில் புதைக்க வேண்டும். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் ஜில்லாவில், ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில், பகல் உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் கலந்திருந்தது. மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்ததனால் வந்த வினை என்று தெரிந்தது. ஷ்ராடரின் பாரத்தியான் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான் அதுவும். விதி எழுதி நாற்பத்திரண்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

முந்திரிக்காரர்களுக்கு இந்தச் சரித்திரத்தில் தனியாக ஓர் அத்தியாயமே இருக்கிறது. முந்திரிக்கு ஜன்மச் சத்துரு தேயிலைக் கொசு என்ற பூச்சி. பெயரில் தேயிலையும் கொசுவும் இருந்தாலும், அது முந்திரியின் தளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருக்குகிற மூட்டைப்பூச்சி ஜாதி. காசர்கோட்டில் சர்க்கார் முந்திரித் தோட்டங்களில் அதை ஒழிக்க 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை எண்டோசல்பானை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். தோட்டத்துக்கு நடுவிலும் ஓரத்திலும் குடியிருந்தவர்களின் கதையைத் தேசமே பின்னால் கேட்டது. 2011-இல் சுப்ரீம் கோர்ட் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. பழைய பாரத்தியானும் அதன் தம்பி மெதில் பாரத்தியானும் இன்று தடைப் பட்டியலில் இருக்கின்றன. பாலிடாயில் போய்விட்டது, சொல் போகவில்லை.

தோப்பில் தெளிப்பதற்கென்று வாங்கிய மருந்தில் கொஞ்சம் எப்போதும் மீந்துவிடும். மீந்ததை வைத்துக்கொண்டு மனிதன் சும்மா இருக்கமாட்டான். மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் காலில் விடுவான், பேனுக்குத் தலையில் தடவுவான். கதண்டுக் கூடு கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். ஏணி வைத்து ஏறி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு விசிறுகிறான். அண்ணாந்தவன் முகத்தில்தான் பாதி மருந்து விழும். காகிதக் கூட்டின் வெளிச்சுவர் பல மடிப்பு உள்ளது. மேலே நனைந்தாலும் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சாவதில்லை. சாகாதவர்கள் இறங்கி வருவார்கள். ஏணியின் உச்சியில் நிற்கிறவனுக்கு ஒரே சமயத்தில் இரண்டு விஷம், ஓடுவதற்கு வழியும் கிடையாது.

இதைவிடப் பழைய காலத்து வழி எவ்வளவோ மேல். காய்ந்த ஓலையைக் கட்டிய பந்தம், நீளமான கழி, இருட்டு. இராத்திரியில் கதண்டுகள் அனேகமாகக் கூடு அடைந்திருக்கும் என்று நம் பாட்டனுக்குத் தெரியும். தீயணைப்புப் படையார் இன்றும் பெரும்பாலும் அந்த வழியையே கையாள்கிறார்கள். உடம்பை மூடுகிற உடுப்பும், பக்கத்தில் தண்ணீர் வண்டியும் இருப்பதுதான் வித்தியாசம். முந்திரித் தோப்பில் தண்ணீர் வண்டி இல்லாமல் பந்தம் பிடிப்பவன் கதண்டுக்குப் பதில் தோப்பையே கொளுத்துவான். கோடைச் சருகு அப்படி. ஆகவே பாட்டன் வழியையும் நாம் கைவிட்டு, 101-க்குத் தெரிவிப்பதே புத்திசாலித்தனம்.

எல்லாக் கூட்டையும் கொளுத்தித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். மனிதர் நடமாட்டமில்லாத கரையில், ஓங்கிய பனையின் உச்சியில் இருப்பதைத் தொடாமல் விடலாம். கதண்டு தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பூச்சிகளைத்தான். அதுவும் ஒரு வகையில் மருந்து அடிக்கிற வேலையே. பள்ளிக்கூட வாசலிலோ, கிணற்றடியிலோ, கொட்டை பொறுக்கும் மரத்திலோ இருந்தால் தாமதிக்கக்கூடாது. ஒரே கொட்டில் சிலருக்கு மூச்சடைத்துவிடும். நிறையக் கொட்டு வாங்கியவர், வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் படுத்திருக்கக்கூடாது. மூத்திரக்காய் இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போவதுண்டு. சுண்ணாம்பு தடவி நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கூடு எரிந்த மறுநாள் காலையில் ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். கரிந்த காகிதம் கீழே கிடக்கும். இரவில் வெளியே தங்கிவிட்ட சில கதண்டுகள் திரும்பி வந்து, கூடு இருந்த கிளையையே சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு அங்கேதான் இருக்கும். அது வரையில் பிள்ளைகளை அந்த மரத்தடிக்கு விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.