சொல்லாமல் சொல்லும் பட்டியல்: பிரிட்டனின் உள்ளாட்சி நற்சான்றுத் திட்டங்கள்

“பக்கத்துத் தெருவில் கூரை வேலை நடக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு ஓடு நகர்ந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. ஏணி வண்டியிலேயே இருக்கிறது.” இங்கிலாந்தில் தனியாக வாழும் முதியவர்களின் வாசலில் வந்து நிற்பவர்கள் சொல்லும் பழைய வசனம் இது. கதவைத் திறந்த மூதாட்டியால் கூரையேறிப் பார்க்க முடியாது; வேலை முடிந்த பிறகும் முடியாது. வாங்கிய பின்னும் தரம் விளங்காத இத்தகைய சேவைகளை டார்பி, கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973இல் ‘நம்பிக்கைப் பண்டம்’ என வகைப்படுத்தினர். அங்கே கூரைக்காரர் என்று அட்டை அச்சிட்டுக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆளைப் பற்றி ஊரில் யாருக்குமே தெரியாது என்பதல்ல சிக்கல். புகார்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் வழியாக உள்ளாட்சி மன்றத்தில் வணிக ஒழுங்கைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்குப் போய்ச் சேர்கின்றன. “இவரை நம்பலாமா?” என்று மூதாட்டி கேட்டால், கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி வாய் திறக்க முடியாது. பணியின்போது ஒரு தொழிலைப் பற்றிக் கிடைத்த தகவலை வெளியிட 2002ஆம் ஆண்டின் என்டர்பிரைஸ் சட்டம், ஒன்பதாம் பகுதி, தடை விதிக்கிறது. அந்தத் தொழில் நடக்கும் வரை தடை நீடிக்கும், மீறுவது குற்றம். விலக்குகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று, சம்பந்தப்பட்டவரின் சம்மதம்.

நற்சான்றுத் திட்டங்களை இந்த மௌனத்தின் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும் என்பது என் வாதம். ஹாம்ப்ஷயரில் 1999இல் தொடங்கிய ‘பை வித் கான்ஃபிடன்ஸ்’ என்ற இத்தகைய திட்டம் பிறகு பல உள்ளாட்சிகளுக்குப் பரவியது. விண்ணப்பிப்பவரின் புகார் வரலாறு பார்க்கப்படுகிறது, முந்தைய வாடிக்கையாளர்கள் விசாரிக்கப்படுகிறார்கள், அதிகாரி நேரில் போய்ப் பார்க்கிறார். தேறியவர் பெயர் பட்டியலில் ஏறுகிறது. கெட்டவரைச் சுட்ட வழியில்லாத அலுவலகம், நல்லவரைச் சுட்டுவதன் மூலம் பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. புகார்க் கோப்பு கைவசம் இல்லாத தனியார் இணைய மதிப்பீட்டுத் தளம் எத்தனை நட்சத்திரம் காட்டினாலும் இதற்கு ஈடாகாது.

ஆனால் அது பாதி பதில்தான். பட்டியலில் ஒருவர் பெயர் இல்லையென்றால் அவர் தேறவில்லையா, விண்ணப்பிக்கவே இல்லையா? எரிவாயுத் துறையில் இந்தக் குழப்பம் கிடையாது. 2009 ஏப்ரல் முதல் தேதி கோர்ஜி என்ற பழைய பதிவேட்டின் இடத்துக்கு வந்த கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயரில்லாதவர் கூலிக்கு பாய்லரில் கைவைப்பதே சட்டவிரோதம். அங்கே இன்மைக்கு ஒரே பொருள். கூரைக்காரர் சேர்வதோ அவர் விருப்பம். கட்டணமும் அவர்தான் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு வேலை கைவசம் இருக்கும் நல்ல கொத்தனாருக்குப் படிவம் நிரப்ப என்ன அவசரம்? மத்திய அரசே கொண்டுவந்த ‘குவாலிட்டி மார்க்’ திட்டம் போதிய கட்டுநர்கள் சேராமல் 2004இல் கைவிடப்பட்டது. கட்டாயமில்லாத பட்டியல் எதுவும் இந்த முடையிலிருந்து தப்ப முடியாது என்றே நினைக்கிறேன்.

இத்திட்டங்களைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் நுழைவுச் சோதனையின் கடுமையையே பேசுகின்றன. எனக்கு அது இரண்டாம்பட்சம். நுழையும் நாளில் யாரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். மூன்றாம் ஆண்டில் ஆள் மாறி, முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போகும்போது என்ன நடக்கிறது என்பதே கேள்வி. பட்டியல் என்ற வடிவத்தில் தண்டனை என்பது பெயர் காணாமல் போவதுதான், அதற்கு ஓசையில்லை. போன வாரம் அதே பட்டியலைப் பார்த்து அவரை அமர்த்தியவர், மன்றத்தின் முத்திரையை நம்பிக்கொண்டே இருப்பார்.

திருத்தம் பெரிய சட்ட வேலை அல்ல. சம்மதம் இருந்தால் தடை விலகும் என்று சட்டமே சொல்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி போதும்: ‘நீக்கப்பட்டால், அதையும் காரணத்தையும் வெளியிடச் சம்மதிக்கிறேன்.’ நடப்பு வாடிக்கையாளர்களின் முகவரிகளையும் தொழிலாளி ஒப்படைத்துவர வேண்டும். பெயர் நீங்கும் நாளில் அவர்களுக்கு ஒரு கடிதம் போகட்டும், கூரையில் பாதி ஓடு பிரித்துக் கிடக்கும்போதே.