நீலம் சொல்லும் செய்தி

சென்ற ஆண்டு ஆம்பூரில் என் தாய்மாமனைக் காணச் சென்றிருந்தேன். தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். கண் மருத்துவ முகாம் ஒன்றைப் பற்றிய அறிவிப்பு அவருடைய கைப்பேசிச் செயலியில் வந்திருந்தது. 'இங்கே பதிவு செய்க' என்ற சொற்களைத் தொட்டால் பதிவுப் பக்கம் திறக்கும். ஆயின் அச்சொற்களும் மற்றச் சொற்களைப் போலவே சாம்பல் நிறத்தில் இருந்தன. அவர் படித்தார், தொடவில்லை. பதிவு நாளும் கடந்துவிட்டது.

"தொடவேண்டிய சொல் இது என்று எனக்கு எப்படித் தெரியும், மாப்பிள்ளை? தோல்கூடத் தன் நிலையை நிறத்தாலே சொல்லுமே!" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. முன்னாளில் பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டனர். அத்தோல் வெளிர்ந்த பழுப்பு நிறம் பெறும். குரோமிய உப்பால் பதனிட்ட தோலோ நீலமாக வெளிவரும். அதனைத் தொழிலாளர் 'வெட் புளூ' என்பர். பதனிடுதல் முடிந்தது, சாயமேற்றுதல் முதலிய பணிகள் இனிமேல் உண்டு என்பதை அந்நீலம் ஒரு பார்வையில் உணர்த்துகிறது.

திரையில் தோன்றும் நீலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழுவினர் இணைப்புச் சொற்களின் நிறங்களைச் சோதித்தனர். சிவப்பு கண்ணைக் கவர்ந்தது. ஆனால் படித்தது மனத்தில் தங்குவதைக் குறைத்தது. நீலம் தெளிவாகவும் தெரிந்தது, படிப்பையும் கெடுக்கவில்லை. 1990இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வலை உலாவியை உருவாக்கியபோது, அவருடைய திரையில் வண்ணமில்லை. அடிக்கோடே இணைப்பைக் காட்டியது. 1993 ஏப்ரலில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த மொசைக் உலாவிப் பதிப்பு, காணாத இணைப்புக்கு நீலமும் கண்டுவந்த இணைப்புக்குக் கருஞ்சிவந்த ஊதாவும் அளித்தது. அவ்வழக்கமே உலகெங்கும் பரவியது.

கணிப்பொறியில் சுட்டியை இணைப்பின் மேல் கொண்டு சென்றால் அது கைவடிவாக மாறும். கைப்பேசியில் அவ்வுதவி இல்லை. 2013இல் ஐபோனின் ஏழாம் இயங்குதளம் பொத்தான்களின் எல்லைக்கோடுகளையும் நீக்கிற்று. எனவே, 'என்னைத் தொடு' என்று அறிவிக்கும் பொறுப்புப் பெரும்பாலும் நிறத்தின் மேல் விழுந்தது.

நிறம் மட்டும் போதுமா? போதாது. நிறங்களைப் பிரித்தறிய இயலாதாரும் நம்மிடையே உள்ளனர். நிறத்தை மட்டுமே அடையாளமாகக் கொள்ளலாகாது என்றும், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆக இருத்தல் வேண்டும் என்றும் 2008இல் வெளியான வலை அணுக்க நெறிமுறைகள் கூறுகின்றன. ஆகவே அடிக்கோடும் தேவை. தமிழில் 'ழ', 'து', 'று' போன்ற எழுத்துகள் கீழே இறங்குவன; கோடு அவற்றை வெட்டாதவாறு சற்றே தாழ்த்தி இடுதல் நலம். தொடமுடியாத சொல்லுக்கு அந்நிறத்தை அளித்தலும் தவறு. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை தொடமாட்டார்.

நாளை உங்களுள் சிலர் செயலிகளை உருவாக்குவீர்கள். சாம்பல் நிறம் அழகாகத் தோன்றலாம். அப்போது, கண் மங்கிய ஒரு முதியவர் பாலாற்றங்கரையில் அமர்ந்து அதைப் படிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் விரல் தயங்காமல் செல்லுமாயின், உங்கள் வேலை செம்மையாய் முடிந்தது.