பிர்மாசென்ஸ்: செருப்பு தைத்துப் பிழைத்த ஊர்

ஜெர்மனியின் தென்மேற்கில், பிரெஞ்சு எல்லைக்கு அருகில் உள்ளது பிர்மாசென்ஸ். ஹெஸ்ஸன்-டார்ம்ஸ்டாட் ஆட்சியாளர் ஒன்பதாம் லுட்விக், அணிவகுப்பு மோகத்தில் வளர்த்த படைநகரம் அது. 1790இல் அவர் இறந்தார், படை கலைந்தது. பிழைக்க வழியற்று நின்ற சிப்பாய்க் குடும்பங்கள் எளிய செருப்புகள் தைத்தன. பெண்கள் அவற்றைச் சுமந்து ஊர் ஊராக நடந்து விற்றார்கள். ஆலை முதலாளிகளிடமிருந்து வரலாற்றைத் தொடங்குவோர் இந்த நடையை மறந்துவிடுகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. அந்நாட்டில் செருப்பு தைத்தவர் கைவினைச் சங்கத்தில் கௌரவமாக அமர்ந்தார். செத்த மாட்டின் தோலை உரித்தவரோ 'மானமற்றவர்' எனச் சங்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். அவரோடு அமர்ந்து குடித்தாலே இழுக்கு. 1731ஆம் ஆண்டுப் பேரரசுச் சட்டம், 'இழிந்த' தொழில் செய்த மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சங்கக் கதவைத் திறந்தது. தோலுரித்தவர் பிள்ளைகளை மட்டும் காத்திருக்க வைத்தது. ஆனாலும் அந்த விலக்குக்குத் தலைமுறைக் கணக்கில் ஒரு கெடு வைத்தது. நம் ஊர்களில் தோல் தொட்டவரின் கொள்ளுப்பேரனுக்கும் கெடு இல்லை. தைத்தவருக்கும் சேர்த்தே இழிவு.

பிர்மாசென்ஸ் பிறகு ஆலை நகரமானது. 1970களிலிருந்து மலிவான இறக்குமதிக் காலணிகள் குவிய, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. செருப்பை நம்பிய ஊரில் வேலையின்மை குடியேறிவிட்டது.