செம்பனை ஓட்டு மரபணு

செம்பனைப் பழத்தில் பருப்பைச் சுற்றியுள்ள ஓடு எவ்வளவு தடித்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணு. 'ஷெல்' என்ற பெயரில் 2013இல் அடையாளம் காணப்பட்டது. ஜொகூரின் உலு திராம், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் வெட்டப்படும் குலைகளின் எண்ணெய் அளவில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

உதிரிப் பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டினால் வகை தெரிந்துவிடும். டூராவில் ஓடு தடித்திருக்கும், சதை குறைவு. டெனேராவில் ஓடு மெல்லியது, அதைச் சுற்றிக் கரிய நார்ப்புள்ளிகள் வளையமாக நிற்கும். பிசிபெராவில் ஓடே இராது. ஆனால் அதன் பெண் பூக்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை.

1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு கன்றுகள் வந்தன. தென்கிழக்காசியாவின் பழைய தோட்டங்கள் அவற்றின் வழிவந்த டூரா மரங்களைக் கொண்டே உருவாயின. மலாயாவின் முதல் வணிகச் சாகுபடி 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் தொடங்கியது. டூராவையும் பிசிபெராவையும் கலந்தால் டெனேரா பிறக்கும் என்பதை, காங்கோவில் ஆய்வு செய்த பெயர்னார்ட்டும் வாண்டர்வேயனும் 1941இல் நிறுவினர். டெனேரா ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தருவதால் 1960களில் மலேசியத் தோட்டங்கள் அதற்கு மாறின. ஆனால் காரணமான மரபணு எதுவென்று தெரிய மேலும் அரை நூற்றாண்டு ஆனது.

அதற்குள் உயிரணுவின் வேலைமுறை விளங்கியிருந்தது. உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் விலக, ஒவ்வோர் இழையையும் அச்சாகக் கொண்டு புதிய இழை உருவாகிறது. புரதம் வேண்டும்போது உரிய மரபணு மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. எந்த மூன்றெழுத்து எந்த அமிலத்தைக் குறிக்கிறது என்று கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஹர் கோவிந்த் குரானா 1968இல் நோபல் பரிசு பெற்றார். ரைபோசோமின் வடிவத்தைத் துலக்கியதற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ரஜீந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்டோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2013இல் 'நேச்சர்' இதழில் இம்மரபணுவை வெளியிட்டனர். மலேசிய அறிவியலின் தலைசிறந்த சாதனைகளுள் இதுவும் ஒன்று. பிசிபெராவில் அவர்கள் கண்ட இரண்டு மாற்றங்களும் மிகச் சிறியவை. ஒன்றில் 'டி' இருக்க வேண்டிய இடத்தில் 'சி' நிற்கிறது. அதனால் லூசினுக்குப் பதில் புரோலின் கோக்கப்படுகிறது. மற்றதில் லைசின் இடத்தை அஸ்பரஜின் பிடிக்கிறது. ரைபோசோமின் வேலையில் குறையில்லை, வந்த செய்தியை அது வந்தபடியே படிக்கிறது. ஆனால் மாறிய அந்த அமிலம், புரதம் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் பகுதியில் அமைந்துவிட்டது. ஆகவே ஓட்டை உருவாக்கும் பணி தடைப்படுகிறது. ஒரு மரத்தில் இம்மரபணுவின் இரு படிகளும் மாறியிருந்தால் பிசிபெரா, ஒன்று மட்டும் மாறியிருந்தால் டெனேரா.

முன்பெல்லாம் நட்ட கன்று டூராவா டெனேராவா என்று அறிய, அது காய்க்கும்வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றங்காலிலேயே இலைத்துணுக்கைச் சோதித்துச் சொல்லிவிடலாம். ஒரு செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகள் நிலத்தில் நிற்கும். தவறான கன்றை நட்டால் அத்தனை ஆண்டு வருமானமும் குறையும். சிறுதோட்டக்காரர்கள் கன்று வாங்கும்போது விலையைப் பேசுமுன் அதன் வகைக்கான சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.