வெயில் சுடுவது எதனால்?



பெரட்டுக்குப் புறப்படும் நம் தாய்மார்கள் தலையிலும் கழுத்திலும் துணியைச் சுற்றி, முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்வார்கள். "இத்தனை துணி கட்டினால் புழுங்காதா?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பதுண்டு. புழுங்கத்தான் செய்யும். ஆனாலும் தோல் காப்பாற்றப்படுகிறது. இது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. அந்த வரலாற்றை இன்று நாம் பார்ப்போம்.

1800ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, அவற்றின் சூட்டை அளந்தார். சிவப்புக்கும் அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானி ஏறியது. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் அங்கே இருந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் மறுகோடியை ஆராய்ந்தார். ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்பை ஊதா நிறத்திற்கு அப்பால் வைத்தார். அங்கேதான் அது மிக விரைவாகக் கறுத்தது. அதுவே இன்று நாம் புற ஊதாக் கதிர் என்று சொல்வது.

ஆக, வெயிலுக்குள் இரண்டு மறைவான கதிர்கள் உண்டு. தோலைச் சுடுவது இவற்றில் எது?

லண்டனில் எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர் தம் கைகளையே சோதனைக்கு வைத்தார். நடுப்பகல் வெயிலில் இரு கைகளையும் நீட்டி, ஒன்றைத் திறந்தபடி விட்டார். மற்றொன்றைக் கறுப்புத் துணியால் மூடினார். இரண்டிலும் வெப்பமானி வைத்தார். கறுப்புத் துணிக்கு அடியில்தான் சூடு அதிகம். ஆனால் கன்றிப் போனது திறந்திருந்த கை. துணிக்குள் இருந்த கைக்கு ஒன்றும் ஆகவில்லை! 1821இல் இதை வெளியிட்ட அவர், கறுத்த மனிதரின் தோல் நிறம் அவருக்கு ஒரு பாதுகாப்பு என்று எழுதினார். காரணத்தை அவரால் முழுமையாக விளக்க முடியவில்லை என்றாலும், அவர் கண்ணால் கண்டது உண்மை.

காரணத்தைத் தெளிவாக்கியவர் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் விட்மார்க். 1889இல் அவர் மின்விளக்கின் ஒளியிலிருந்து வெப்பக் கதிரைத் தண்ணீரால் வடித்தெடுத்தார். அப்போதும் தோல் கன்றியது. புற ஊதாக் கதிரைக் கண்ணாடியால் தடுத்தபோது தோல் கன்றவில்லை. தோலைச் சுடுவது சூடு அல்ல, புற ஊதாக் கதிர் என்பது அன்று உறுதியாயிற்று.

இதனால் யாருக்குத் துன்பம்? வெட்டவெளியில் பாடுபடுவோருக்குத்தான். பிரான்சு நாட்டின் போர்டோ நகரில் தோல் மருத்துவராயிருந்த டுப்ரேய், திராட்சைத் தோட்டத் தொழிலாளரிடையே தோல் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் கண்டு 1907இல் எழுதினார். 1928இல் லண்டனில் ஃபிண்ட்லே எலிகளின் மேல் புற ஊதாக் கதிரைத் தொடர்ந்து பாய்ச்சி, அது புற்றுநோயை உண்டாக்கும் என்று காட்டினார்.

போர்டோ தொழிலாளர்கள் வெள்ளைத்தோல் உடையவர்கள். நமக்கோ இயற்கை ஒரு குடை கொடுத்திருக்கிறது. அதன் பெயர் மெலனின். மெலனினை உண்டாக்கும் உயிரணுக்கள் எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. கறுத்தவரிடம் அவை அதிக மெலனினை உற்பத்தி செய்கின்றன. அந்த மணிகள் தோல் அணுக்களின் கருவுக்கு மேலே குடைபோல் கவிந்து நின்று கதிரைத் தடுக்கின்றன. இதனால்தான் நம்மவரிடையே வெயிலால் வரும் தோல் புற்றுநோய் குறைவு.

இந்தக் குடையையா நாம் பழிக்கிறோம்? "பெண் கறுப்பு" என்று சம்பந்தம் பேசும் இடத்தில் முகம் சுளிக்கிறோம். சிவப்பாக வேண்டுமென்று கண்ட களிம்பையும் பூசுகிறோம். அவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது என்று மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காப்பாற்றும் நிறத்தை அழிக்க நஞ்சை விலைகொடுத்து வாங்குவது அறிவாகுமா?

ஆனால் குடை இருக்கிறது என்று அசட்டையாகவும் இருக்கலாகாது. தோல் சுருங்குவதையும் கரும்படை படர்வதையும் மெலனின் முழுவதும் தடுக்காது. கண்ணில் புரை விழவும் இக்கதிர் ஒரு காரணம். மெலனின் இல்லாமலே பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களைக் கேலி செய்யாமல், வெயில் படாமல் பாதுகாப்பது நம் கடமை.

ரப்பர் மரத்தின் நிழலைவிட, செம்பனை இளங்கன்றுகள் நிற்கும் திறந்தவெளியில் கதிர் அதிகம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலோ குளிர் நம்மை ஏமாற்றிவிடும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் சூடு குறைவு; கதிரோ கீழ்நாட்டைவிட அதிகம். மெல்லிய மேகத்தையும் அது ஊடுருவி வரும். ஆகவே உடம்பில் உறைக்கும் சூட்டை வைத்து இக்கதிரை அளக்க முடியாது. நம் நிழலைப் பார்த்தால் போதும். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

இனி, புழுங்குகிறதே என்று தலைத்துணியை அவிழ்க்க நினைக்கும்போது, லண்டன் மருத்துவரின் இரண்டு கைகளை நினைத்துக்கொள்வோம். துணிக்குள் இருந்த கைக்குச் சூடு அதிகம். ஆனால் சுட்டது மற்றக் கையைத்தான். நம் தாய்மார்களின் பழக்கம் சரியானதே.