வெள்ளைத்தீவின் படச்சுருள்கள்

படச்சுருளை நம்பியிருந்த காலத்தில், படம் எடுப்பதும் படம் தோன்றுவதும் இருவேறு நிகழ்வுகளாக இருந்தன. கேமராவின் கதவம் திறந்து மூடும் கணத்தில் படும் ஒளி, ஜெலட்டின் பூச்சில் பதிந்துள்ள வெள்ளி உப்புத் துகள்களில் ஒருசில வெள்ளி அணுக்களை மட்டுமே உண்டாக்குகிறது. ‘மறைபிம்பம்’ எனப்படும் இந்தச் சுவடு, இருட்டறையில் உருத்துலக்கும் கரைசலில் நனைந்த பிறகே கண்ணுக்குத் தெரியும் கரிய வெள்ளியாக வளர்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் ‘ஃபிலிம் கழுவுதல்’ என்று வழங்கிய இப்பணி எத்தனை ஆண்டுகள் கழித்தும் கைகூடலாம் என்பதற்கு, வடதுருவப் பகுதியில் கிடைத்த சில சுருள்கள் சான்றாக நிற்கின்றன.

சுவீடனைச் சேர்ந்த எஸ். ஏ. ஆந்த்ரே, நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், க்னூத் ஃப்ராங்கெல் ஆகிய மூவரும், ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் துருவத்தை அடையும் நோக்குடன், 1897 ஜூலை 11 அன்று ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து புறப்பட்டனர்; மூன்றாம் நாள் கடற்பனியில் இறங்க நேர்ந்தது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் பனியின்மீது நடந்தும் அதனோடு மிதந்தும் குவிட்டோயா என்னும் வெள்ளைத்தீவை அடைந்த அவர்கள் அங்கேயே இறந்தனர். 1930 ஆகஸ்ட்டில் ‘பிராட்வாக்’ கப்பலில் சென்ற நார்வேக் குழுவினர் அவர்களுடைய முகாமைத் தற்செயலாகக் கண்டனர். அந்தக் கோடையில் அங்கு மீட்கப்பட்ட பொருள்களுள் நாட்குறிப்புகளும் ஸ்ட்ரிண்ட்பெர்க் பயன்படுத்திய கேமராவும் படச்சுருள்களும் இருந்தன.

33 ஆண்டுகள் கிடந்த அச்சுருள்களை உருத்துலக்கும் பொறுப்பு, ஸ்டாக்ஹோம் அரச தொழில்நுட்பக் கழகத்தின் ஒளிப்பட விரிவுரையாளர் ஜான் ஹெர்ட்ஸ்பெர்கிடம் வந்தது. கடுங்குளிர் வேதிமாற்றங்களை மந்தப்படுத்தி மறைபிம்பத்தைக் காத்திருந்தாலும், ஈரம் ஜெலட்டினை இளகச் செய்து கறைகளை ஏற்றியிருந்தது. ஒளி படாத துகள்களும் முதுமையால் தாமே கருத்து, படம் முழுவதும் புகைபோல் படர்வது பழைய ஃபிலிமின் இயல்பு. உருத்துலக்கலோ ஒரே ஒரு முறைதான் இயலும், பிழை நேர்ந்தால் மீட்க வழியில்லை. இத்தனை இடர்களுக்கும் நடுவே, சுமார் 240 படங்களுள் 93 படங்களை அவர் காப்பாற்றினார்.

அவற்றுள் ஒன்றில், காற்றிழந்த பலூன் கரிய மலைபோலப் பனிமீது சாய்ந்து கிடக்க, ஆந்த்ரேயும் ஃப்ராங்கெலும் அதன் அருகே நிற்கின்றனர்; படமெங்கும் ஈரம் விட்ட புள்ளிகளும் கீறல்களும் படர்ந்திருந்தும், பரந்த வெண்மைக்கு நடுவே அவ்விருவரின் தனிமை தெளிவாகத் தெரிகிறது. படமெடுத்த ஸ்ட்ரிண்ட்பெர்க் அதை ஒருபோதும் பார்த்ததில்லை. அவர் தொடங்கிய வேலையை ஒரு தலைமுறை கடந்து ஹெர்ட்ஸ்பெர்கின் கைகளே முடித்துவைத்தன என்பதால், அப்படத்தில் இருவருக்கும் சம உரிமை உண்டு. பழைய கேமரா ஒன்று கைக்குக் கிடைத்ததும் அதன் பின்மூடியை வெளிச்சத்தில் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வதே, அதற்குள் இருக்கக்கூடிய அத்தகைய படத்துக்குச் செய்யும் முதல் மரியாதையாகும். இருள் பல்லாண்டு காத்துவைத்ததை ஒரு நொடி ஒளி அழித்துவிடும்.